என்ன முறை வேணும்?

மாசி மகத்துக்குச் சிதம்பரம் பக்கத்துக் கிள்ளைக்குப் போகிறவர்கள் நேராக முழுக்குத்துறைக்குப் போய்க் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் போனால் தைக்காலில் இறங்கிக்கொள்வேன். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிளம்பி, ஊர் ஊராக மண்டகப்படி வாங்கிக்கொண்டு வரும் பூவராகப் பெருமாள், அந்தப் பயணத்தில் தைக்கால் தர்காக்காரர்களின் மரியாதைக்காக நிற்கிற இடம் அது. தட்டில் பட்டும் மாலையும் தேங்காய் பழமும் தர்கா தரப்பிலிருந்து வரும். பட்டாச்சாரியார் வாங்கிச் சாத்துவார், தீபாராதனை காட்டுவார். பிறகு பெருமாள் கழுத்திலிருந்து ஒரு மாலை இறங்கித் தொப்பி போட்ட ஒருவரின் கைக்குப் போகும். அந்த மாலையை மேளதாளத்தோடு உள்ளே கொண்டுபோய் ரகமத்துல்லா வலியின் சமாதிமேல் வைத்துப் பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுப்பார்கள். பச்சைப் போர்வைமேல் துளசி கிடப்பதை வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் வெயில் பட்டு, ஓரம் வாடிப்போன துளசி.

மறுநாள் செய்தித்தாளில் இதை “மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு” என்று போடுவார்கள். வருஷா வருஷம் அதே தலைப்புதான். ஆனால் கிள்ளைப் பக்கத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், நல்லிணக்கம் என்ற சொல்லே வாயில் வராது. “அது எங்க முறைங்க” என்பார்கள். தர்காக்காரர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள், கோவில்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்த ‘முறை’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். புதிதாக ஒருவரைப் பார்த்தால் “நமக்கு அவங்க என்ன முறை வேணும்?” என்று கேட்கிறோம், அங்கே அது உறவு. ஒண்டுக்குடித்தன வீட்டில் “இந்த வாரம் உங்க முறைவாசல்” என்றால், அங்கே அது கடமையும் வரிசையும். அநியாயம் நடந்தால் முறையிடுகிறோம், ஊழல் நடந்தால் முறைகேடு என்கிறோம், அங்கே அது நியாயம். உறவு, கடமை, வரிசை, நியாயம் எல்லாவற்றையும் தமிழ் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறது. கடலூர், புதுச்சேரி பக்கத்தில் வேறு வேறு சாமியைக் கும்பிடுகிறவர்கள் ஓரளவு ஒழுங்காகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் எல்லா மதமும் ஒன்றே என்ற தத்துவம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தத்துவத்தை இங்கே பாதிப் பேர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது இந்த முறைதான். அது அறுந்துபோகிற இடங்களும் முறை என்ற சொல்லை வைத்துப் பார்த்தால்தான் புரிகின்றன.

கிள்ளை விஷயத்தில் இதன் வேர் நிலம். நவாபு காலத்தில் இந்தப் பக்கம் உத்தியோகம் பார்த்த ஒரு இந்து அதிகாரி தர்காவுக்கு நிலம் விட்டார் என்றும், அதற்கு நன்றியாகத்தான் பெருமாளுக்கு மரியாதை செய்யும் வழக்கம் வந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை, நவாபும் இல்லை. கடன் மட்டும் நிற்கிறது. மனசு ஒத்துப்போனதால் வந்த நட்பாக இருந்திருந்தால் இரண்டு தலைமுறையில் நீர்த்துப்போயிருக்கும். முறை என்று ஆகிவிட்டதால், அந்த வருஷம் இரண்டு தரப்புக்கும் ஏதாவது மனத்தாங்கல் இருந்தாலும் தட்டு வந்தே ஆகவேண்டும்.

உறவுமுறை சாமிக்கும் உண்டு. புதுச்சேரி ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்காலில், திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் வருவார். மீனவர்களுக்கு அவர் மாப்பிள்ளை. தங்கள் குலத்துப் பெண்ணான பத்மினி நாச்சியாரைக் கட்டிக்கொண்டவர் என்பது அவர்கள் கணக்கு. எனவே “மாப்பிள்ளை வந்தாச்சு” என்றுதான் வரவேற்பு, மாமனார் வீட்டுச் சீரோடு. பெருமாளை மச்சான் ஆக்கிக்கொள்ள யாரும் ஆகமத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. புதுவை வைத்திக்குப்பத்தில் அன்றைக்கே மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் இன்னும் எத்தனையோ ஊர்ச் சாமிகளும் மணலில் வரிசையாக நிற்கும். யார் முதலில் இறங்குவது, யாருக்கு எந்த இடம் என்பதெல்லாம் அங்கேயும் முறைதான். கூட்டத்தில் ஒருதரம் மாட்டிக்கொண்டால் பக்தியைவிட இந்த வரிசைக் கணக்குதான் கண்ணில் படும்.

வீட்டளவில் இது இன்னும் சாதாரணமாக நடக்கும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் ஆயா, அதாவது என் பாட்டி, முதலில் கசாயம் போடும். இரண்டாம் நாளும் விடவில்லை என்றால், சாயங்காலம் கடலூர் முதுநகர்ப் பள்ளிவாசல் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்கள் வரிசையாக நிற்கும் குழந்தைகளின் முகத்தில் ஓதி ஊதிக்கொண்டே போவார்கள். சிலர் தாயின் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கச் சொல்லி அதிலும் ஊதுவார்கள். “பாய், புள்ளைக்கு ராத்திரியெல்லாம் அனலா கொதிக்குது” என்று ஆயா சொல்லும்போது அதன் நெற்றியில் விபூதி பட்டையாக இருக்கும். யாரும் அதைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளமாட்டார்கள். பரீட்சை பாஸானால் வில்லியனூர் மாதா கோவிலுக்கு மெழுகுவத்தி. அங்கே கோவிலுக்கு எதிரே குளம் உண்டு, நம் கோவில் குளம் மாதிரியே படிக்கட்டோடு. அதில் கை நனைத்து என் தலையில் தெளித்துவிட்டு, அப்படியே நடந்துபோய்த் திருக்காமீசுவரரையும் கும்பிட்டுவிட்டுத்தான் ஆயா பஸ் ஏறும். லூர்து மாதா பிரான்சிலிருந்து 1877இல் வந்தவள் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. ஆயாவுக்கு அவள் வில்லியனூர்க்காரி.

அந்தத் திருக்காமீசுவரர் தேருக்கு வடம் பிடிக்க பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னர் வருவார். பிரெஞ்சுக்காரன் போய், 1954இல் நிர்வாகம் கை மாறி, யூனியன் பிரதேசம் ஆனபிறகும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் கோவில் ஆடித் தேரிலும் இதே கதைதான். ஆட்சி மாறினாலும் ஆள்கிறவனின் முறை மாறவில்லை. தேரை இழுப்பதால் கவர்னர் சைவர் ஆகிவிட்டார் என்று எந்தப் பாதிரியாரும் பயந்திருக்கமாட்டார். ஊரை ஆள்கிறவன் ஊர்த் தேருக்குக் கை கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, பிரெஞ்சுக்காரர்கள் பெரிய மனதுக்காரர்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மிஷன் தெருவில் இருக்கும் பெரிய மாதா கோவிலை ஊரில் ‘சம்பா கோவில்’ என்பார்கள். சான் பவுலோ என்ற போர்ச்சுகீசியப் பெயர் நம் வாயில் சம்பா ஆகிவிட்டது. அதற்குப் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோவில் இருந்தது. வேதபுரி என்ற பெயரே ஊருக்கு அந்தச் சாமியால் வந்தது என்பார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவிலை மூடவேண்டும் என்று சேசு சபையார் கவர்னரை நெருக்கியபோது, நெசவாளர்களும் வணிகர்களும் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பத் தயாரானார்கள். துணி இல்லாவிட்டால் கம்பெனிக்கு வியாபாரம் இல்லை. பிரான்சுவா மர்த்தேன் பின்வாங்கினார். அப்போது கோவிலைக் காத்தது சகிப்புத்தன்மை இல்லை, தறி.

தறிக்கு இருந்த அந்த மதிப்பு யுத்தகாலத்தில் செல்லவில்லை. 1748 செப்டம்பரில், இங்கிலீஷ்காரர்கள் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், கவர்னர் டூப்ளேயின் ஆட்சியில் கோவில் இடிக்கப்பட்டது. அவருடைய துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அந்த நாள்களைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். முறையிட வந்த ஊர்ப் பெரியவர்கள், கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் பிள்ளை, எல்லாம் அதில் இருக்கிறது. இன்றைய வேதபுரீசுவரர் ஈசுவரன் தருமராசா கோவில் தெருவில் இருக்கிறார். பழைய இடத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை.

நம் பக்கமும் கைகள் சுத்தமாக இருந்ததில்லை. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம். சமணர்களின் பெரிய பள்ளி அங்கே இருந்தது. சர்வநந்தி என்ற முனிவர் ‘லோகவிபாகம்’ என்ற பிராகிருத நூலை கி.பி. 458இல் எழுதி முடித்ததும் இந்தப் பாடலியில்தான் என்று அதன் வடமொழி வடிவம் சொல்கிறது. எண்களை இடமதிப்போடும் சுழியோடும் எழுதியதற்குக் காலம் தெரிந்த மிகப் பழைய சான்றாக அறிஞர்கள் காட்டும் நூல் அது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் அந்தப் பள்ளியில் சேர்ந்துதான் தருமசேனர் ஆனார். பிறகு சூலைநோய், அக்காள் திலகவதியார், திருவதிகை, அப்பர் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். கல்லோடு கட்டிக் கடலில் போட்டவர்கள் சமணர்கள் பேச்சைக் கேட்ட அரசனின் ஆட்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதே பெரியபுராணம், அரசன் சைவனானதும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்துக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோவிலைக் கட்டினான் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மேடையில் கண்ணீர் மல்கச் சொல்கிறவர்கள் இரண்டாம் பாதிக்கு வரும்போது வேகமாகப் போய்விடுவார்கள். அப்பர் கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்று பெயர், சித்திரையில் விழாவும் எடுக்கிறோம். கரையேறாமல் போன அந்தப் பள்ளியின் பெயரில் ஒரு தெருகூட இல்லை. தமிழ்ச் சமணர்கள் போய்விடவில்லை. செஞ்சிக்கு அந்தப் பக்கம் மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இன்றும் இருக்கிறது.

சைவமும் வைணவமும் தங்களுக்குள் என்ன செய்தன என்று பார்க்கச் சிதம்பரம் போதும். ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் கோவிந்தராஜரையும் சேவிக்கலாம். ஆனால் கோவிந்தராஜருக்குப் பிரம்மோற்சவம் நடத்தலாமா என்பது இந்த நூற்றாண்டிலும் கோர்ட்டுக்குப் போகிற விஷயம். இத்தனைக்கும், தேவாரத்தைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் திருநாரையூரும், நாலாயிரத்தை மீட்ட நாதமுனிகளின் காட்டுமன்னார்கோவிலும் பக்கத்துப் பக்கத்து ஊர்.

முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. யாருக்கு முறை கொடுக்கவில்லையோ அவர்களுக்கு அதில் இடமே இல்லை. கடல் வரைக்கும் போகிற சாமி, தர்கா வாசலில் நிற்கிற சாமி, இந்தப் பக்கத்து எத்தனையோ ஊர்களில் காலனித் தெருவுக்குள் வருவதில்லை. கேட்டால் அதற்கும் “முறை இல்லீங்க” என்பதுதான் பதில். அதே சொல் இங்கே கதவைச் சாத்துகிறது. விழுப்புரம் பக்கம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோவிலுக்குள் பட்டியல் சாதியினர் போனதைத் தொடர்ந்து வந்த தகராறில் 2023 ஜூனில் கோவிலுக்கே சீல் வைத்தார்கள். மதம் மாறினால் விட்டுவிடுமா என்றால் அதுவும் இல்லை. 1745இல் மாதா கோவிலுக்குள்ளேயே சாதிக் கிறிஸ்தவர்களையும் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்களையும் பிரித்து நிறுத்திய சுவர் ஒன்று சண்டைக்கு உள்ளானதை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். புதுவையில் பாரதி, ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டதை நாம் கொண்டாடுகிறோம். ஒரு மனிதர் ஒரு வீட்டுக்குள் செய்தது அது. தெரு முறையை மாற்ற அது போதவில்லை.

பழைய முறைக்குப் பதில் புதிதாக ஒன்றைக் கட்டிப்பார்த்தவர்களும் இங்கே உண்டு. வெளியூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி என்றதும் அரவிந்தரும் ஆரோவில்லும்தான் நினைவுக்கு வரும். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார், 1926இல் ஆசிரமம் அமைந்தது. 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாட்டு மண்ணைத் தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். எல்லா நாட்டுக்காரர்களும் சேர்ந்து வாழ்வது என்பது அங்கே எழுதிவைத்த சாசனம். நல்ல சாசனம்தான். ஆனால் அதைப் படித்து ஒப்புக்கொண்டு வருகிறவர்களுக்கான ஒற்றுமை அது. நான் சொல்லவந்தது எதையும் படிக்காமல், எதையும் ஒப்புக்கொள்ளாமல் பக்கத்துப் பக்கத்தில் பிறந்துவிட்டவர்களைப் பற்றி.

அவர்களுக்காக யோசித்தவர் மருதூரில் 1823இல் பிறந்த ராமலிங்கம்.

வள்ளலாரை ‘எம்மதமும் சம்மதம்’ என்ற பையில் போட்டுவிடுவது சுலபம். அவர் அப்படிச் சொன்னவரே இல்லை. கடைசிக் காலத்தில் வேதம், ஆகமம், புராணம், சமயம், மதம் எதிலும் லட்சியம் வைக்கவேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டார். அதற்கு எதிர்ப்பும் சாதாரணமாக இல்லை. அவர் பாடல்களுக்கு ‘அருட்பா’ என்று பெயர் வைக்கலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்பு 1869இல் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதியது, சண்டை மஞ்சக்குப்பம் கோர்ட் வரைக்கும் வந்தது. இன்றைக்கு அந்தக் கோர்ட் பக்கம் டீ குடித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு, ஒரு பெயர்ச்சொல்லுக்காக இங்கே வழக்கு நடந்தது என்றால் நம்ப முடியாது.

கொள்கையில் இத்தனை பிடிவாதம் உள்ளவர், 1867 மே 23 அன்று வடலூரில் அடுப்பு மூட்டினார். தருமசாலையின் அந்த நீள அடுப்பில் அன்று வைத்த நெருப்பை இன்றுவரை அணையவிடவில்லை. விறகு மாறும், சமைக்கிறவர்கள் மாறுவார்கள், பாத்திரம் மாறும். கிட்டப் போய் நின்றால் முதலில் தெரிவது வெக்கை. பிறகு புகை படிந்து மினுமினுக்கும் சுவர். பிறகு சோறு வேகும் வாசனை. பந்தியில் உட்கார்ந்தவரை யாரும் எந்த ஊர், என்ன சாதி, என்ன சாமி என்று கேட்பதில்லை. முதல் தரம் போனபோது நான் கொஞ்சம் கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்தேன். பரிமாறியவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, இலையைத்தான் பார்த்தார். காலியாக இருந்தது, சோறு விழுந்தது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் 1872 ஜனவரி 25இல் தொடங்கிய சத்தியஞான சபை. வாசலில், கொலை புலை தவிர்த்தோர் மட்டுமே உள்ளே புகுதல் வேண்டும் என்று எழுதியிருக்கும். கறி தின்கிறவன் வெளியேதான் நிற்கவேண்டும். ரொம்ப நாள் எனக்கு இது இடித்துக்கொண்டே இருந்தது. எல்லோருக்கும் பொது என்றால் இந்தப் பலகை எதற்கு? பிறகுதான் புரிந்தது. அவர் இரண்டையும் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறார். கொன்று தின்கிறவனைப் புறவினத்தார் என்று தள்ளி வைக்கிறவர், அவன் பசித்து வந்தால் சோறு போட்டே தீரவேண்டும் என்கிறார். சபைக்குள் வர ஒப்புதல் வேண்டும், அடுப்புக்கு வரப் பசி போதும். கொள்கையில் ஒன்று சேராதவர்களும் ஒரே பந்தியில் உட்கார அவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. பழைய முறையில் யார் உறவு, யாருக்கு எந்த மரியாதை என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இடம். இங்கே அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்.

சபையில் பிறகு நடந்தது தனிக்கதை. ஜோதி தவிர வேறெதுவும் வேண்டாம் என்று வைத்த இடத்தில் லிங்க வழிபாடு நுழைந்தது. வள்ளலார் சொன்ன முறைப்படிதான் நடக்கவேண்டும் என்று 2006இல் அறநிலையத்துறை உத்தரவு போட்டது, 2010இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அடுப்பில் அப்படி யாரும் எதையும் நுழைக்க முடியவில்லை. சோற்றுக்கு என்ன சடங்கு செய்வது?

2004 டிசம்பர் 26 அன்று இதே கடற்கரையில் அந்த அடுப்பு வேறு ஊரில் எரிந்தது. கிள்ளைக்கு அருகே பில்லுமேடு, எம்ஜிஆர் திட்டு, வடக்கே புதுக்குப்பம், சாமியார்பேட்டை என்று மீனவக் குப்பங்களைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. அரசாங்கம் வந்து சேருமுன் பரங்கிப்பேட்டை ஜமாஅத்துக்காரர்கள் போய்விட்டார்கள். பிணங்களை எடுத்தார்கள், மண்டபங்களைத் திறந்துவிட்டார்கள், நாள் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். கலியாண வீட்டுக்கு வாடகைக்குப் போகும் தேக்சா அண்டாக்கள் அத்தனையும் அந்த வாரம் அடுப்பில் இருந்தன. மீனவர்களுக்கும் அவர்களுக்கும் அதற்கு முன் மீன் வாங்கி விற்கிற முறை இருந்தது. அதற்கு மேல் ஒன்று அன்று சேர்ந்தது.

வடலூருக்குத் திரும்புகிறேன், ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. வள்ளலாருக்கு அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் பார்வதிபுரம் மக்கள். எண்பது காணி, ஏறக்குறைய 106 ஏக்கர். சபையைச் சுற்றியிருக்கும் அந்த வெற்று நிலத்துக்குப் பெருவெளி என்று பெயர். தைப்பூசத்தன்று ஏழு திரையும் விலகிக் கண்ணாடிக்குப் பின்னால் ஜோதி தெரியும்போது, லட்சக்கணக்கான ஆட்கள் அந்த வெளியில்தான் நிற்பார்கள். 2024 பிப்ரவரியில், சுமார் 100 கோடி ரூபாயில் அங்கே வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு அடிக்கல் நாட்டியது. ஏப்ரலில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டியதும் பார்வதிபுரத்துக்காரர்கள் வந்து குழிக்குள் இறங்கிவிட்டார்கள். பத்திரம் அவர்கள் பெயரில் இல்லை. கொடுத்து நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் நாங்கள் கொடுத்த நிலம், எதற்குக் கொடுத்தோமோ அதற்கு இருக்கவேண்டும் என்றார்கள். மையத்தை வேறு இடத்தில் கட்டட்டும், வெளி வெளியாகவே இருக்கட்டும் என்றார்கள். விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அந்தச் செய்தி வந்த வாரம் பண்ருட்டி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வடலூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நல்ல திட்டந்தானே, ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “கட்டடம் நல்லாத்தாங்க இருக்கும். ஆனா பூசத்தன்னிக்குக் கடைசியா வந்து நிக்கிறவனுக்கு ஜோதி தெரியணும்ல?”